பிறிஸ்டல் போட்டைக் கடைசியில் வாங்குங்கள்: மரபுரிமைக் கண்காட்சிக்கு வரலாற்றுச் செயற்திட்டம் செய்யும் முறை

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு தகப்பனும் பிள்ளையும் புத்தகக் கடையில் நிற்பார்கள். கையில் இரண்டு பிறிஸ்டல் போட், ஒரு ரெஜிபோம், ஒரு போத்தல் பைண்டர் கம். "என்ன தலைப்பு?" என்று கேட்டால் பிள்ளை தகப்பனைப் பார்க்கும், தகப்பன் கைபேசியைப் பார்ப்பார். அன்றிரவு விக்கிப்பீடியாவிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டை அச்சாகும்.

அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. மூன்று இரவு நித்திரை முழித்திருக்கும். வேலையின் ஒழுங்குதான் தலைகீழ். சில வருடங்களாக இந்த வேலையில் பிள்ளைகளுக்குத் துணை நின்றிருக்கிறேன், இரண்டொரு தடவை நடுவர் மேசையிலும் இருந்திருக்கிறேன். கீழே இருப்பது ஆறு கிழமைக்கான ஒழுங்கு. தரம் 8 முதல் 11 வரை படிக்கும் பிள்ளைக்கு எழுதுகிறேன். பெற்றோரும் ஆசிரியரும் கூட இருந்து வாசிக்கலாம், பேனையை மட்டும் வாங்கிவிட வேண்டாம்.

1. தொடங்கு முன்

ஒரு சி.ஆர். கொப்பி, பென்சில், அடிமட்டம், அளவு நாடா, ஒலிப்பதிவு செய்யக்கூடிய ஒரு கைபேசி. இப்போதைக்கு இவ்வளவும் போதும்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதி, இடம், தகவல் தந்தவர் அல்லது புத்தகத்தின் பெயர், பக்க எண் ஆகியவற்றை எழுதுங்கள். அப்போது இது வீண் வேலைபோலத் தெரியும். ஐந்தாம் கிழமையில் "கேணியை வெட்டுவித்தவர் ஒரு வியாபாரி" என்ற வரியைப் பார்த்து, இதை யார் சொன்னார் என்று தலையைச் சொறியும்போது அருமை விளங்கும்.

அதிபரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் அளவு நாடாவோடு வேலியோரம் நின்றால் காணிப் பிரச்சினை என்றுதான் நினைப்பார்கள். கடிதத்தை நீட்டினால் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

நாட்காட்டியையும் பாருங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள், அதற்குள் வேலை ஓடாது. தவணைப் பரீட்சைக் கிழமையும் அப்படியே. கேணி, குளம், துரவு போன்றவற்றைப் பற்றியதென்றால் மாரிக்கு முன் போய்விடுங்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு படிக்கட்டெல்லாம் தண்ணீருக்குள். ஒரு பிள்ளை ஏழு படி என்று எழுதியிருந்தது. கோடையில் போய்ப் பார்த்தபோது பதினாறு படி இருந்தது.

2. நடந்து போகும் தூரத்தில் தலைப்பை எடுங்கள்

கோட்டை, நூலகம், நல்லூர், யாழ்ப்பாண அரசன் சங்கிலியன். ஒவ்வொரு கண்காட்சியிலும் இந்த நான்கும் வரும். அவற்றைப் பற்றி அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். ஆறு கிழமையில் நீங்கள் புதிதாகச் சேர்க்க ஒன்றும் கிடைக்காது, ஆகவே படியெடுப்பதைத் தவிர வழியில்லாமல் போகும்.

உங்கள் ஒழுங்கை முடிகிற சந்தியில் நிற்கும் சுமைதாங்கியைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மாடுகள் உடம்பை உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல், கேணி, வழிப்போக்கர் மடம், துலாக் கிணறு, சுண்ணாம்புச் சூளை, பழைய சங்கக்கடை, பாடசாலையின் ஓட்டு மண்டபம் எல்லாம் நல்ல தலைப்புகள். நெடுந்தீவுப் பிள்ளைக்குத் தன் வீட்டு முருகைக்கல் வேலியே போதும். பருத்தித்துறைப் பிள்ளைக்கு வீதியை மூடி நிற்கும் தெருமூடி மடம் இருக்கிறது.

தலைப்பை முடிவு செய்ய முன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த இடத்துக்கு மூன்று தடவை போய்வர முடியுமா? அதைப் பற்றிச் சொல்லக்கூடிய, எழுபது வயது கடந்த இரண்டு பேராவது ஊரில் இருக்கிறார்களா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வேறு தலைப்புக்குப் போங்கள். மூன்று தடவை ஏன் என்றால், முதல் தடவை பார்த்ததில் பாதி பிழையாக இருக்கும்.

கோட்டைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் வழி உண்டு. முழுக் கோட்டையையும் விட்டு ஒரு துண்டை எடுக்க வேண்டும். மதிலில் உள்ள முருகைக்கல் எங்கிருந்து வந்திருக்கும் என்ற ஒன்றே ஆறு கிழமை வேலை.

3. தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"எங்கள் ஊர்ச் சுமைதாங்கி" என்பது தலைப்பு மட்டும். அதை வைத்துக்கொண்டு என்ன தேடுவது என்று தெரியாது, கிடைத்ததையெல்லாம் ஒட்டுவீர்கள்.

"இந்தச் சுமைதாங்கி ஏன் இந்தச் சந்தியில் நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், வேலை தானாக விரியும். தலைச்சுமையோடு நடந்து வருபவர் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை இறக்கவும் திருப்பி ஏற்றவும் வசதியாக, தலை உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்த கல் அது. அப்படியானால் இந்த வழியால் சுமை போயிருக்கிறது. என்ன சுமை? எந்தச் சந்தைக்கு? சுன்னாகத்துக்கா, சாவகச்சேரிக்கா? அடுத்த இளைப்பாறும் இடம் எவ்வளவு தூரத்தில்? பக்கத்தில் கேணியும் ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கின்றனவா? இருந்தால் மனிதர் மட்டுமன்றி மாடும் இந்த வழியால் போயிருக்கிறது. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைக்கும் வழக்கமும் இருந்தது. இது அப்படி வைத்ததா என்பது இன்னொரு கேள்வி.

"ஏன் இங்கே", "எப்போது கைவிடப்பட்டது", "யார் பராமரித்தார்கள்" என்று தொடங்கும் கேள்விகள் நல்லவை. "முக்கியத்துவம் யாது" என்ற கேள்வியை எடுக்காதீர்கள். அதற்கு விடையாக வருவது புகழ்ச்சி மட்டுமே.

4. கொஞ்சம் வாசியுங்கள், கொஞ்சம்தான்

பெரியவர்களிடம் போக முன் இரண்டு மூன்று நாள் வாசிக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் அவர் சொல்வதில் எது புதிது என்று தெரியாது. கூட வாசித்துவிட்டுப் போனாலும் ஆபத்து, புத்தகம் சொன்னதையே அவர் வாயால் வரவழைக்கப் பார்ப்பீர்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போங்கள். ஆனால் 1981 எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஆவணங்களும் போய்விட்டன, அதற்கு முந்திய பல விடயம் அங்கே கிடைக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூலக நிறுவனம் நடத்தும் noolaham.org என்ற இணைய நூலகத்தில் பழைய இதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் இலவசமாக இருக்கின்றன. உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து, அதன் பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது வீட்டு அலுமாரி. பிள்ளைகள் தவறவிடும் இடம் இதுதான். காணி உறுதியில் எல்லைகள் எழுதியிருக்கும்: "கிழக்கே ஒழுங்கை, வடக்கே மடத்துக் காணி" என்று ஒரு வரி இருந்தால், உறுதி எழுதிய வருடத்தில் அங்கே மடம் இருந்ததற்கோ, அந்தப் பெயராவது வழங்கியதற்கோ அது சான்று. இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்துக் கொடுக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகங்களில் வம்சாவளி இருக்கும், யார் எந்தத் தர்மத்தைச் செய்தார் என்றும் இருக்கும். கும்பாபிஷேக மலரும் அப்படியே. இவற்றில் பெயரையும் திகதியையும் எடுங்கள், அடைமொழிகளை விட்டுவிடுங்கள். இறந்தவரைக் குறைத்து எழுதிய கல்வெட்டை நான் இன்னும் காணவில்லை.

உறுதியைப் படம் எடுத்துப் பலகையில் ஒட்டாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் சொத்து விவரம். தேவையான ஒரு வரியை மட்டும், சம்மதம் கேட்டு, எழுதிக் காட்டுங்கள்.

5. இடத்தில் செய்ய வேண்டியது

முதல் வருகையில் கைபேசியை எடுக்காமல் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் மூன்றாவது கல் மற்ற இரண்டிலிருந்தும் நிறம் மாறியிருப்பது கண்ணில் படும். படம் எடுக்கிறவர் பார்க்கிறதில்லை.

பிறகு அளவுகள்: நீளம், அகலம், உயரம், வீதியிலிருந்து எவ்வளவு தூரம். அடியிலா மீற்றரிலா என்று முதலே தீர்மானியுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் பலகையில் 5 மீற்றர் உயரமான சுமைதாங்கி வரும், அதில் சுமை இறக்க ஏணி வேண்டும்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம். எழுத்து வெட்டிய கல் என்றால் காலை ஏழு மணிக்கோ பின்னேரம் ஐந்து மணிக்கோ போங்கள். வெயில் சாய்வாக விழுந்தால் வெட்டுக்குள் நிழல் நிற்கும், எழுத்துத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

எழுத்தைத் தெளிவாக்க வெண்கட்டி, சுண்ணாம்பு, எண்ணெய் பூசாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். ஒருநாள் ஆர்வத்தில் சுரண்டினால் அந்த எழுத்து எல்லோருக்கும் இல்லாமல் போய்விடும். மண்ணைத் தோண்டுவதும் கூடாது, அனுமதியில்லாத அகழ்வு சட்டப்படி குற்றம். ஓட்டுத் துண்டொன்று கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். பாழடைந்த வீடு, மூடாத கிணறு, பற்றைக்காடு எதற்குள்ளும் தனியே இறங்க வேண்டாம்.

6. பெரியவர்களிடம் கேட்பது

செயற்திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

முதல் நாள் பதிவு செய்யாதீர்கள். போய் இருந்து, யாருடைய பிள்ளை என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். எங்கள் ஆச்சிமாருக்கு நீங்கள் யாருடைய பேரன் என்று தெரிந்த பிறகுதான் கதை வரும். அடுத்த தடவை, "ஆச்சி, நீங்கள் சொல்லுறதைப் போனிலை பதியட்டோ?" என்று கேளுங்கள். சம்மதித்தால், பதிவின் தொடக்கத்திலேயே திகதியையும் இடத்தையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது.

"இந்த மடத்தின் வரலாற்றைச் சொல்லுங்கோ" என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிறது என்று அவரும் புத்தகத் தமிழுக்கு மாறி, தனக்குத் தெரியாத ராசாக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். "அப்பு, நீங்கள் சின்னனாய் இருக்கேக்கை இந்த மடத்திலை ஆர் இருந்தவை? தண்ணி எங்கையிருந்து எடுத்தவை? ராவிலை விளக்கு இருந்ததோ?" என்று கேட்டால் கண்டதைச் சொல்வார். நமக்கு வேண்டியது அவர் கண்டது. அவர் கேள்விப்பட்டதும் பயன்படும், ஆனால் கொப்பியில் வேறாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கீறி, இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "கேட்டது" என்று எழுதச் சொல்வேன்.

வருடம் கேட்காதீர்கள். "எந்த ஆண்டு?" என்றால் ஏதோ ஒரு எண் வரும், நாளைக்குக் கேட்டால் வேறொரு எண் வரும். எல்லோர் நினைவிலும் நிற்கும் சம்பவத்தோடு இணைத்துக் கேளுங்கள். 1964 மார்கழிப் புயலுக்கு முன்னோ பின்னோ? நூலகம் எரிந்த 1981க்கு முன்னோ? இந்திய இராணுவம் வந்த 1987இல் இது இப்படித்தான் இருந்ததோ? 1990இல் றெயில் நின்ற பிறகோ? 1995 இடப்பெயர்வுக்குப் போகும்போது இருந்து, திரும்பி வரும்போது இல்லையோ? இப்படி இரண்டு மூன்று சம்பவங்களுக்கு நடுவில் பிடித்தால் ஐந்தாறு வருட எல்லைக்குள் வந்துவிடலாம். அவருடைய கலியாணம், மூத்த பிள்ளை பிறந்தது போன்றவையும் உதவும்.

இந்தச் சம்பவங்கள் சிலருக்கு வெறும் திகதிகளாக இருக்காது. 1995 என்றதும் ஒரு ஐயா பேச்சை நிறுத்திவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை அடுத்த கேள்விக்குப் போகவில்லை, பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தது. சரியான வேலை. அன்றைக்கு அவ்வளவுதான். அவராக அழைத்தால் பிறகு போகலாம், அழைக்காவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இரண்டு பேர் முரணாகச் சொன்னால் பயப்பட வேண்டாம். ஒருவர் கேணியை வெட்டியது தன் பாட்டன் என்பார், மற்றவர் தன் பாட்டன் என்பார். இரண்டையும் எழுதுங்கள். நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையில்லை. ஒரே வேலையைப் பற்றி இரண்டு குடும்பம் இரண்டு கதை வைத்திருப்பதே பலகைக்கு நல்ல விடயம்.

பதிவை அன்றிரவே எழுதி எடுங்கள், அவர் பேச்சிலேயே. "துலா மிதிச்சவை" என்றதை "நீர்ப்பாசனத்தில் ஈடுபட்டனர்" என்று மாற்றினால், யார் துலாவில் ஏறினார், யார் பட்டையைப் பிடித்தார் என்று கேட்கத் தோன்றாது.

7. காலத்தைச் சொல்லும்போது கவனம்

பழைய கட்டடம் எல்லாவற்றையும் "ஒல்லாந்தர் காலத்தது" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை, ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை, பிறகு 1948 வரை பிரித்தானியர். உங்கள் மடம் ஒல்லாந்தர் காலத்தது என்றால் 1795க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். அதற்கு என்ன சான்று? "அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றால், பலகையிலும் "அப்படிச் சொல்கிறார்கள்" என்றே எழுதுங்கள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். நல்லூரில் மந்திரி மனை என்ற பெயர் அரசர் காலத்துக்குக் கொண்டுபோகும், கட்டடத்தைப் போய்ப் பார்த்தால் ஐரோப்பியச் சாயல் கண்ணில் அடிக்கும். கோயிலும் அப்படி: அரசர் காலத்து நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள், இன்று நாம் கும்பிடுவது ஒல்லாந்தர் காலத்தில் வேறிடத்தில் எழும்பிய கோயிலின் தொடர்ச்சி. இதைக் கலந்து எழுதிய பலகைகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நூலுக்கும் வயது கேளுங்கள். யாழ்ப்பாண அரசர்களின் கதையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. சங்கிலியனின் ஆட்சி முடிந்து நூறு வருடத்துக்கும் மேல். ஆகவே சங்கிலியன் பேசிய பேச்சுக்கு அதை நேரில் கண்ட சாட்சியாக எடுக்க முடியாது.

சாந்தையும் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தா, சீமெந்தா? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல்தான் உற்பத்தி தொடங்கியது, அதற்கு முன் சீமெந்து இறக்குமதி. ஊர் மடத்தில் சீமெந்துப் பூச்சு இருந்தால், அந்தப் பூச்சு பிற்காலத் திருத்தமாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. கட்டடத்துக்கும் பூச்சுக்கும் வயது வேறாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

8. ஒரு பக்கத்தில் விடை

பலகைக்கு முன், கொப்பியில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: என் கேள்வி இது, நான் கண்ட விடை இது, இதற்குச் சான்று இவை, இன்னும் விடை கிடைக்காதது இது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் கொப்பியின் பக்க எண்ணைக் குறியுங்கள். எண் போட முடியாத வரியை வெட்டுங்கள். அழகான வரிகளில் பல வெட்டுப்படும், மனம் நோகும்.

ஆசிரியர் திருத்த வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான். ஒட்டி முடித்த பலகையில் பிழை கண்டால் ஒருவரும் கிழிக்க மாட்டார்கள்.

9. இப்போது பிறிஸ்டல் போட்

பார்க்க வருகிறவர் பலகை முன் ஒரு நிமிடம் நிற்பார். நடுவில் கேள்வியைப் பெரிய எழுத்தில் வையுங்கள், நாலு அடி தள்ளி நின்று வாசிக்கக்கூடியதாக. இடப்பக்கம் இடத்தின் வரைபடம், வலப்பக்கம் சான்றுகள், கீழே விடை. ஒரு பந்தி நாற்பது சொல்லைத் தாண்ட வேண்டாம்.

ஒவ்வொரு படத்தின் கீழும் எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதுங்கள். இணையத்திலிருந்து எடுத்த படம் என்றால் அதையும் எழுதுங்கள். பெரியவரின் படத்தை ஒட்ட அவருடைய சம்மதம் வேண்டும். பலர் பேச்சுக்குச் சம்மதிப்பார்கள், படத்துக்குச் சம்மதிக்க மாட்டார்கள். சொன்னவரின் பெயரைப் போடலாமா என்றும் கேளுங்கள்.

மழைக்காலத்தில் பிறிஸ்டல் போட் சுருளும். பின்னால் கடதாசி மட்டையை ஒட்டி, ஓரத்தை நாடாவால் கட்டுங்கள். மண்டபத்து மின்விசிறிக்கு நேரே மேசை கிடைத்தால் முழுப்பலகையும் சரிந்து விழும், இரண்டு கல் கொண்டுபோங்கள்.

மாதிரியுரு கட்டாயமில்லை. செய்வதானால் கேள்விக்கு உதவுவதைச் செய்யுங்கள். சுமைதாங்கியின் உண்மையான உயரத்தில் ஒரு மட்டைத் தூணை நிறுத்தினால், வருகிறவர் பக்கத்தில் நின்று தன் தலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ரெஜிபோம் கோட்டை வெட்ட மூன்று இரவு போகும். அதுவும் ஐந்து மூலைக் கோட்டையை நாலு மூலையாக வெட்டியதை நானே கண்டிருக்கிறேன்.

10. நடுவர் முன்

பாடமாக்காதீர்கள். பாடமாக்கிய பிள்ளையை நடுவர் நடுவில் மறித்துக் கேட்டால் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கும். கேள்வி, விடை, மிகப் பலமான ஒரு சான்று. இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்தில் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிப் பழகுங்கள். அவர்களுக்கு விளங்கினால் நடுவருக்கும் விளங்கும்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். கொப்பியை மேசையில் வைத்திருங்கள், பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். தெரியாததற்கு "அதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, இன்னாரிடம் கேட்டோம், அவருக்கும் நினைவில்லை" என்று சொல்லுங்கள். நான் இருந்த மேசையில் அப்படிச் சொன்ன பிள்ளைக்குப் புள்ளி குறைந்ததில்லை. ஊகித்துச் சொன்னவர்களுக்குக் குறைந்திருக்கிறது.

11. கண்காட்சி முடிந்த கிழமை

ஒலிப்பதிவின் பிரதியொன்றைப் பேசியவரின் வீட்டுக்குக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பித் தரச் சொல்லியும் கேட்பார்கள், அனுப்பிக் கொடுங்கள். கொப்பியின் போட்டோக் கொப்பி ஒன்று பாடசாலை நூலகத்துக்கு. பலகையை வீட்டு முகட்டில் ஏற்றிக் கறையானுக்குக் கொடுப்பதென்றால், அதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். விடை கிடைக்காத கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அதே சந்தியில் தொடங்கும் பிள்ளைக்கு.